உடம்பு மாறும் வயதும் வகுப்பறைக் கேலியும்: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று இந்தக் கரையில் எங்கே போய்ப் பிள்ளைகளுக்கு உடம்பு மாற்றம் பற்றிப் பேசினாலும், கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைகள் கேட்டது, அம்மாக்கள் கேட்டது, சில அப்பாக்கள் போனில் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடம்பு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், கேலி தானாக நிற்காது, அதைப் பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கேலியை விட்டுவிட்டு உடம்பைச் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறோம்.

ஒரே வகுப்பு, ஒரே வயது. ஒருத்தன் மீசையோடு நிற்கிறான், என் மகன் இன்னும் குழந்தை மாதிரி இருக்கிறான். ஏன்?

பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மாற்றம் தொடங்கலாம், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வரை. ஐந்து வருட இடைவெளி அது. ஆறாம் வகுப்பில் சேர்ந்து உட்காரும் இரண்டு பேரில் ஒருத்திக்குப் பெரும்பாலான மாற்றம் வந்திருக்கும், இன்னொருத்திக்கு ஆரம்பமே ஆகியிருக்காது, இரண்டு பேருமே நலமாகத்தான் இருக்கிறார்கள். பெண்களுக்கு முதலில் தெரிவது மார்பு மொட்டு விடுவது, அதுவும் பல நேரம் ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் சில மாதம் கழித்து. அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிலக்கு வரும். ஆண்களுக்கு முதல் மாற்றம் விரை பெரிதாவது. அது வெளியே யாருக்கும் தெரியாது, அதனால்தான் "இன்னும் ஒண்ணும் ஆகல" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உயரம் கூடும் வேகம் பெண்களுக்குச் சுமார் இரண்டு வருடம் முன்னாலேயே வந்துவிடும். ஏழாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் எல்லாம் பையன்களைவிட உயரமாக நிற்பது அதனால்தான்.

கேலி யாரைத் தேடிப் போகிறது என்று பாருங்கள்: கூட்டத்துக்கு முந்தியவர், கூட்டத்துக்குப் பிந்தியவர். முந்தி வளர்ந்த பெண்ணுக்கும் பிந்தி வளரும் பையனுக்கும்தான் அதிக அடி. யுனெஸ்கோ 2019-இல் பள்ளி வன்முறை பற்றி வெளியிட்ட அறிக்கையும் பிள்ளைகள் கேலிக்கு ஆளாகும் காரணங்களில் முதலிடத்தை உடல் தோற்றத்துக்குத்தான் தருகிறது.

எது சும்மா ஓட்டுவது, எது கொடுமை? எல்லாவற்றையும் பெரிதாக எடுத்தால் பிள்ளைகள் பேசிச் சிரிக்கவே முடியாதே?

நியாயமான கேள்வி. ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் இதற்கு மூன்று அடையாளம் வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவனுக்கும் படுபவனுக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், திருப்பிக் கலாய்க்க முடிந்தால் அது விளையாட்டு. ஒருத்தன் மட்டுமே தினமும் கேட்டுக்கொண்டு, மற்றவர்கள் மட்டுமே சிரித்தால் அது விளையாட்டில்லை. அவனும் சேர்ந்து சிரிக்கிறான் என்பது சாட்சியாகாது. சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக ஓட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

என் மகள் ஐந்தாம் வகுப்புதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வளர்த்தி. பையை முன்னால் மாட்டிக்கொண்டு கூன் போட்டு நடக்கிறாள். என்ன செய்வது?

அந்தப் பையை முன்னால் மாட்டும் வழக்கத்தை நான் பல ஊரில் பார்த்துவிட்டேன். பஸ்ஸில் இடமில்லை என்று சொல்வார்கள், இறங்கின பிறகும் பை பின்னால் போகாது.

8 வயது முடிவதற்கு முன்பே மார்பு வளர ஆரம்பித்திருந்தால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு என்றால் இது முந்தி வந்த வளர்ச்சி, நோயில்லை. அளவான உள்ளாடை வாங்கிக் கொடுங்கள், "இந்த வயசுல எதுக்கு" என்று தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான விஷயம், அவள் உயரத்தைப் பார்த்து அவள் வயதைக் கூட்டிவிடாதீர்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் "பெரியவளாயிட்ட, ஓடாத, விளையாடாத" என்று வீட்டிலும், "ஷாலை ஒழுங்கா போடு" என்று பள்ளியிலும் சொல்லச் சொல்ல, தன் உடம்பு ஏதோ தப்பு செய்துவிட்டது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். பையன்கள் பார்க்கிறார்கள் என்றால் பேச வேண்டியது பையன்களிடம்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லலாம்: முந்தி வளர்பவர்கள் வளர்த்தியை முந்தியே முடித்தும் விடுவார்கள். பத்தாம் வகுப்பு வரும்போது மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடுவார்கள்.

சடங்கு வைத்து பிளக்ஸ் அடித்தோம். இப்போது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் செய்யாமல் விடுவார்களா?

சடங்கு வைப்பது உங்கள் இஷ்டம், தாய்மாமன் சீர், உறவு, செய்முறை எல்லாம் எனக்கும் தெரியும், மொய் திரும்ப வரவேண்டிய கணக்கும் தெரியும். ஆனால் அந்த பிளக்ஸைப் பற்றி மட்டும் பேசியே ஆகவேண்டும். பஸ் ஸ்டாப்பில் பத்தடி உயரத்துக்கு அவள் படம், கிரீடம் வைத்து, மஞ்சள் நீராட்டு விழா என்று தேதி போட்டு, கீழே இருபது மாமன்மார் படம். அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது என்ற செய்தியை அவள் வகுப்புப் பையன்கள் எல்லோருக்கும் நாமே காசு கொடுத்து அறிவித்திருக்கிறோம். அந்த பிளக்ஸுக்குக் கீழே நின்றுதான் அவள் காலையில் பஸ் ஏற வேண்டும். அதைப் போட்டோ எடுத்து ஸ்டிக்கர் ஆக்கி அனுப்பிய கதையெல்லாம் நடந்திருக்கிறது.

இன்றைக்கே அதைக் கழற்றுங்கள். இனிமேல் வைப்பவர்கள் பத்திரிகையோடு நிறுத்துங்கள், அதையும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அவள் பள்ளிக்குத் திரும்பும் முதல் நாள், நெருங்கிய தோழி ஒருத்தியோடு சேர்த்து அனுப்புங்கள், வகுப்பாசிரியையிடம் முன்னாலேயே காதில் போட்டு வையுங்கள். ஒதுக்கி உட்கார வைத்த நாட்களில் விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுக்கவும் அந்தத் தோழி உதவுவாள். "ஏன் லீவு?" என்று வகுப்பில் யாரும் சத்தமாகக் கேட்காமல் ஆசிரியை பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பையனுக்கு மார்பு பெரிதாகிறது. கடலில் குளிக்கவே போவதில்லை. இது பெண் தன்மையா?

இல்லை. இதைக் கேட்காத ஊரே இல்லை, ஆனால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். வளரும் வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது வரும். ஆண் பெண் இரண்டு பேர் உடம்பிலும் இரண்டு வகை ஹார்மோனும் உண்டு. இந்த வயதில் அந்த விகிதம் கொஞ்ச காலம் ஆடும், அப்போது காம்புக்கு அடியில் காசு அளவுக்குக் கட்டியாக ஒன்று தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும்.

நம் கரையில் இது ஏன் பெரிய வேதனை என்றால், இங்கே பையன்கள் சட்டையோடு இருக்கும் நேரம் குறைவு. கடலில் குதிப்பது, வல்லம் தள்ளுவது, கபடி, எல்லாமே வெற்றுடம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும், அந்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஊர்ப் பையன்கள் முழுக்கக் கடற்கரையில்தான். மே மாத வெயிலில் ஒருவன் மட்டும் உள்ளே இரண்டு பனியன், மேலே சட்டை என்று போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால், அவனுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்காதீர்கள். அவன் பின்னால் யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரியுங்கள். தொட்டுப் பார்ப்பது, கிள்ளுவது வரைக்கும் போயிருந்தால் அது கேலி இல்லை, உடல் அத்துமீறல், அதற்கான பதில் கீழே இருக்கிறது.

இரண்டு வருடம் தாண்டியும் குறையவில்லை, ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வளர்ந்துகொண்டே போகிறது, காம்பில் நீர் கசிகிறது, மற்ற வளர்ச்சி எதுவும் தொடங்கும் முன்பே வந்துவிட்டது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பு எடை கூடியதால் வரும் சதை வேறு, அது மென்மையாக இருக்கும், கட்டி தட்டுப்படாது.

டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். "மீன் நாத்தம்" என்று யாரும் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்களாம்.

இதில் இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வயதில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஒரு வகை வியர்வைச் சுரப்பி புதிதாக வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அந்த வியர்வையைத் தோலில் உள்ள கிருமிகள் சிதைப்பதால் வாடை வரும். கடைக்காரர் மகனுக்கும் வரும், வாத்தியார் மகளுக்கும் வரும். ஆனால் கடற்கரைப் பிள்ளைக்கு வந்தால் மட்டும் அதன் பெயர் மீன் நாத்தம், கவிச்சி. இது உடம்பைப் பற்றிய கேலி மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது தொழிலையும் சாதியையும் இழிவாகப் பேசுவது. அப்படித்தான் இதைப் பள்ளியிடமும் சொல்ல வேண்டும். "பையனை நல்லா குளிப்பாட்டி அனுப்புங்கம்மா" என்று ஒரு பள்ளியில் பதில் சொன்னார்களாம். அதை ஏற்றுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வியர்வை வாடைக்குச் செய்ய வேண்டியது எளிது: தினம் சோப்புப் போட்டு அக்குளைக் கழுவி, நன்றாகத் துடைத்து, துவைத்த உள்பனியன் மாற்றுவது. ஆமாம், தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். குழாய்த் தண்ணீருக்குக் குடம் வரிசை போடுகிற ஊரில், கிணற்றுத் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நல்ல தண்ணீர் ஒரு வாளி இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், துணிக்கும் அப்படியே. செண்ட் அடித்து அனுப்புவது வேண்டாம், அது இன்னொரு பட்டப்பெயருக்குத்தான் வழி.

எனக்கு 14 வயசு. குரல் இன்னும் உடையல, உயரமும் இல்ல. "ஒம்போது"ன்னு கூப்பிடுறாங்க. கடலுக்கும் லாயக்கில்லன்னு சித்தப்பா சொல்றாரு.

தம்பி, மகரக்கட்டு உடைவது எல்லாவற்றுக்கும் முதலில் நடப்பது இல்லை, நடுவில் நடப்பது. குரல்வளை பெரிதாகி, குரல் நாண் நீண்டு தடிமனாகும்போது சில மாதம் கீச்சும் கட்டையும் மாறி மாறி வரும், அப்புறம் படியும். பலருக்கு 15 தாண்டித்தான். உயரமும் அப்படித்தான், முதலில் கை கால் நீளும், செருப்பு அளவு சட்டென்று மாறினால் அதுதான் ஆரம்பம். உன் அப்பாவிடமோ மாமாவிடமோ அவர்களுக்கு எப்போது மீசை வந்தது என்று கேட்டுப் பார், பிந்தி வளர்வது குடும்பத்தில் ஓடும். 14 முடிந்தும் விரை வளர்ச்சி உட்பட ஒரு மாற்றமும் தொடங்கவே இல்லை என்றால் மருத்துவரிடம் போ. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், வலியே இல்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் போதும், மதுரை வரை ஓட வேண்டாம்.

அந்த எண்ணைப் பற்றி: அது திருநங்கைகளை இழிவுபடுத்துவதற்காக வைத்திருக்கும் சொல். உன்னைத் திட்ட அதை எடுக்கிறார்கள் என்றால் இரண்டு பேரை ஒரே நேரத்தில் அவமானப்படுத்துகிறார்கள். "நான் அது இல்லை" என்று நிரூபிக்கப் போகாதே, அந்தப் பந்தயத்துக்கு முடிவே கிடையாது. சித்தப்பாவுக்கு: வலை இழுக்கும் தோள் 18 வயதில் வரும் சித்தப்பா, அதுவரை பையன் படிக்கட்டும்.

பள்ளியில் பாவாடையில் கறை பட்டுவிட்டது. அதிலிருந்து ஒரே கிண்டல்.

முதல் இரண்டு வருடம் மாதவிலக்கு நாள் தவறித்தான் வரும், 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம், அதனால் கறை படுவது யாருடைய கவனக்குறைவும் இல்லை. பையில் ஒரு நாப்கின், ஒரு உள்ளாடை, ஒரு கவர் எப்போதும் இருக்கட்டும். அரசுப் பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம், வெட்கப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கறையை உடனே குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும்.

கிண்டலுக்கு? பையன்களுக்கும் மாதவிலக்கு பற்றிய பாடத்தை எடுங்கள், பெண் பிள்ளைகளை மட்டும் தனி அறைக்குக் கூட்டிப்போய் ரகசியமாக எடுக்காதீர்கள். அந்த மூடிய கதவுதான் பையன்களுக்கு முதல் ஜோக்.

கழுத்து கறுப்பு, பெண் பிள்ளைக்கு மீசை, முகப்பரு: இதற்கெல்லாம்?

கழுத்தின் பின்னால் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், எடையும் கூடியிருந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். உதட்டின் மேல் மென்மையான முடி நம் ஊர்ப் பெண்களுக்குச் சாதாரணம். தாடை, நெஞ்சில் தடித்த முடி, கூடவே மாதவிலக்கு மாதக்கணக்கில் வரவில்லை என்றால் மருத்துவர். பரு ஏறக்குறைய எல்லோருக்கும் வரும், எண்ணெய்ச் சுரப்பி செய்யும் வேலை அது.

படத்தை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள்.

அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எந்த எண், எந்த நேரம் என்பது தெரியும்படி. சாதாரண கேலி ஸ்டிக்கர் என்றால் பள்ளியும் இரண்டு வீட்டாரும் பேசித் தீர்க்கலாம். உடை மாற்றும்போது எடுத்தது, குளிக்கும்போது எடுத்தது என்றால் கதையே வேறு: அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் வேண்டாம், ஆதாரம் காட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், போனையே கொண்டுபோய்க் காட்டுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் பேசும் விஷயம் அது.

அவன் எதையும் சொல்வதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். விளையாட்டு பீரியட் உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி, பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் வீடு வரும்வரை அடக்குவது, அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, பஸ்ஸை வேண்டுமென்றே விடுவது, இதையெல்லாம் கவனியுங்கள். இந்தக் கரைக்கென்று ஓர் அடையாளம் உண்டு: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று "நான் கடலுக்குப் போறேன், படிப்பு வேணாம்" என்பான். வீட்டுக் கஷ்டம் புரிந்துவிட்டது, பொறுப்பு வந்துவிட்டது என்று நாம் பெருமைப்படுவோம். பெண் பிள்ளை "அம்மாவோட கடல்பாசி எடுக்கப் போறேன்" என்றாலும் அப்படியே. வேலைமேல் வந்த ஆசையா, வகுப்பறையிலிருந்து தப்பிக்கும் வழியா என்று ஒரு வாரம் பொறுத்து விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாப்பா துபாயில். போனில் "திருப்பி அடிச்சிட்டு வா"ங்கிறார். சரியா?

அவருக்குத் தூரத்திலிருந்து செய்ய முடிந்தது அதுதான், கோபம் புரிகிறது. ஆனால் அடிக்க முடிந்தால் அவன் முதல் நாளே அடித்திருப்பான். இப்போது அடி வாங்கிய அவமானத்தோடு வாப்பா சொன்னதைச் செய்ய முடியாத அவமானமும் சேர்ந்துவிடும், அடுத்த முறை போனில் எதையும் சொல்ல மாட்டான். "நீ சொன்னது நல்லது, உம்மா நாளைக்கு டீச்சரைப் பார்ப்பாங்க, சாயங்காலம் நான் மறுபடி கூப்பிடுறேன்" என்று சொன்னால் போதும்.

பையனுக்கு உண்மையிலேயே பலம் தருவது பக்கத்தில் நிற்கும் ஒருவன். கனடாவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான சம்பவங்களில் சுற்றி மற்ற பிள்ளைகள் இருந்தார்கள், குறுக்கே வந்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் யாராவது குறுக்கே வந்தபோது பாதிக்கு மேல் பத்தே விநாடிக்குள் நின்றுவிட்டது. அதனால் காக்கா (அண்ணன்) மகனோ, பக்கத்து வீட்டு மச்சானோ, கூடவே நடந்து "விடுடா, போதும்" என்று சொல்கிற ஒருவனைத் தேடுங்கள்.

பள்ளியில் சொன்னால் "பசங்கன்னா அப்படித்தான்" என்கிறார்கள்.

வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி, இடம், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். அரசுப் பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கும், பிள்ளையே எழுதிப் போடலாம். நடவடிக்கை இல்லையா, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டும் இலவசம். 1098 இரவிலும் எடுக்கும். தூக்கமில்லை, சாகணும் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் ஒருநாளும் தள்ளிப்போடாமல் மனநல உதவி எண் 14416, தனியாகவும் விடாதீர்கள்.

ஆசிரியரே "டேய் குண்டு, வாடி ஒட்டடக்குச்சி" என்றால்? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதை மட்டுமில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது.

பாலியல் நோக்கத்தோடு தொடுவது, உடையை இழுப்பது, அப்படியே பேசுவது, சைகை காட்டுவது எல்லாம் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்துக்குள் வரும். செய்தவனும் 18-க்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கும். இந்த விஷயம் தெரிந்தும் புகார் கொடுக்காமல் "ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்" என்று மூடி மறைப்பது தனிக் குற்றம், ஊர்த் தலைவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஓட்டுவது என் மகன்தான் என்று தெரிந்துவிட்டது.

தோலை உரிக்காதீர்கள். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தைத்தான் அவன் இன்னொரு தடவை படிப்பான். முந்தி வளர்ந்த பையனுக்குத் திடீரென்று பலம் வந்துவிடும், அதை எங்கே வைப்பது என்று தெரியாது. என்ன சொன்னாய் என்று அவன் வாயாலேயே, அந்த வார்த்தையோடு, உங்கள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். பாதியிலேயே குரல் இறங்கிவிடும். அப்புறம் அந்தப் பட்டப்பெயரை எங்கே கற்றான் என்று யோசியுங்கள். கல்யாண வீட்டில் "என்னடி இப்படி ஊதிட்ட", "இன்னும் மீசை முளைக்கலையாடா" என்று நாம் கேட்டதைத்தான் அவன் வகுப்பில் திரும்பச் சொல்கிறான்.

சிவப்பாக, பரு போக, உயரமாக என்று மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

உயரத்துக்கு விற்கும் பவுடர் எதுவும் எலும்பை நீட்டாது. அந்தக் காசுக்கு முட்டையும் மத்தியும் வாங்கலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் சிவப்பாக்கும் க்ரீம்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளபளக்கும், பிறகு தோல் மெலிந்து சிவந்து, பரு முன்பைவிட அதிகமாகும், வெயிலில் எரியும், நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், இன்னும் மோசமாகத் திருப்பி அடிக்கும். அந்த ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.